பழைய ஆக்சஸ், புது எஸ்கியூஎல் சர்வர்: சண்டை நடுவுல இருக்குற டிரைவர்ல தான்

தம்பி கேட்டதை முதல்ல ரெண்டு வரில சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. கம்பெனில ஸ்டாக், பில்லு எல்லாம் ஆக்சஸ் 2003-ல (மைக்ரோசாஃப்ட்டோட சின்ன டேட்டாபேஸ் ப்ரோக்ராம்) எழுதின ஒரு எம்டிபி ஃபைல்ல ஓடுது, ஃபார்ம் ரிப்போர்ட் எல்லாம் அதுல, டேபிள் மட்டும் எஸ்கியூஎல் சர்வர் 2008 ஆர்2-ல (டேட்டாவை எல்லா பிசிக்கும் பொதுவா வெச்சுக்கற சர்வர்) இருந்து லிங்க் பண்ணினது. பழைய சர்வர் மெஷின் போயிடுச்சு, புதுசா எஸ்கியூஎல் சர்வர் 2022 போட்டு பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணியாச்சு. இப்ப சில பிசி கனெக்ட்டே ஆகல, ஆன பிசில சில டேபிள்ல கட்டம் கட்டமா டெலிட்டட்னு வருது, இன்னும் சிலதுல சேவ் பண்ணப்போனா ரைட் கான்ஃப்ளிக்ட், வேற யாரோ மாத்திட்டாங்கங்குது. பார்க்க வந்த ஒருத்தர் ஆக்சஸே செத்துப்போச்சு, மொத்தத்தையும் வெப்ல திருப்பி எழுதணும்னு கொட்டேஷன் நீட்டிட்டாரு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆன தம்பி மாட்டிக்கிட்டாரு.

தம்பி, திருப்பி எழுதறதா வேண்டாமாங்கறது வேற பேச்சு, அதை ஒரு வருஷம் உக்காந்து யோசிக்கலாம். இந்த வாரம் பில்லு போடணும்னா அதுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஆக்சஸ் நேரா சர்வர்கிட்ட பேசறதே இல்ல, நடுவுல ஓடிபிசி டிரைவர்னு ஒரு ஆள் நின்னு ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கான். சர்வரை மாத்தினீங்க, அந்த ஆளை மாத்தல. உங்க மூணு பிரச்சனைல முதலாவதுல பெரும்பங்கு அவன்கிட்ட தான் இருக்கு, மத்த ரெண்டுலயும் பாதி அவன், பாதி டேபிளைக் கட்டின விதம்.

டிரைவர்ல இருந்தே ஆரம்பிப்போம். வெறும் எஸ்கியூஎல் சர்வர்னு பேர் போட்ட ஒண்ணு விண்டோஸோடவே வரும், எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் செலக்ட் பண்ணுவாங்க. அவன் எஸ்கியூஎல் சர்வர் 2000 காலத்து ஆள், அங்கயே நின்னுட்டான். 2008-ல தேதி, நேரத்துக்குன்னு வந்த டேட், டைம், டேட்டைம்2 வகையெல்லாம் அவனுக்குத் தெரியாது, எல்லாத்தையும் டெக்ஸ்ட்னு ஆக்சஸ்கிட்ட சொல்லிடுவான். அப்புறம் வந்தது நேட்டிவ் கிளையண்ட், 2005-ல முதல்ல, 2008-ஓட 10.0, 2012-ஓட 11.0, அதோட அந்த வம்சம் முடிஞ்சுது, 2022 சர்வரோட அதைத் தர்றதே இல்ல. அதுக்கு அப்புறம் தான் ஓடிபிசி டிரைவர் ஃபார் எஸ்கியூஎல் சர்வர்னு நீளமான பேர்ல 11, 13, 17, 18 (நடுவுல மத்த நம்பர் எங்க போச்சுன்னு கேக்காதீங்க). 17 வந்தது 2018, 18 வந்தது 2022.

உங்க கேஸுக்கு 17 போடுங்க. 18 தானே லேட்டஸ்ட்னு கேப்பீங்க. 18-ல என்ன மாறிச்சுன்னா என்கிரிப்ஷன் டீஃபால்ட்டாவே கட்டாயம், சர்வர் காட்டுற சர்டிஃபிகேட்டை நம்பலாமான்னும் செக் பண்ணும். நம்மாளு சர்வர்ல தனியா சர்டிஃபிகேட் போட்டிருக்கமாட்டோம், சர்வர் தானே தனக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்கும், அதைப் பார்த்ததும் 18 இது நம்பகமான இடத்துல வாங்கினது இல்லன்னு கதவைச் சாத்திடும். டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை யெஸ் கொடுத்தா விட்டுரும், ஆனா அது வாசல்ல வாட்ச்மேனை நிறுத்திட்டு யார் வந்தாலும் விடுன்னு சொல்ற மாதிரி. முறையா ஒரு சர்டிஃபிகேட் வாங்கிப் போட்டுட்டு 18-க்கு மாறுங்க, அதுவரைக்கும் ஆபீஸுக்குள்ளயே ஓடற நெட்வொர்க்குக்கு 17 போதும்.

அடுத்து 32, 64 விவகாரம். ஆக்சஸ் 2003 32 பிட் தான், ஆபீஸ்ல 64 பிட்டே 2010-ல தான் வந்துச்சு. 32 பிட் ப்ரோக்ராம் 32 பிட் டிரைவரைத் தான் பார்க்கும், 32 பிட் டிஎஸ்என்-ஐத் (எந்த டிரைவர், எந்த சர்வர்னு பிசில எழுதி வெச்ச குறிப்பு) தான் பார்க்கும். நீங்க கண்ட்ரோல் பேனல்ல 64 பிட் ஓடிபிசி விண்டோவைத் திறந்து சிஸ்டம் டிஎஸ்என் உருவாக்கி, டெஸ்ட் பட்டன் அழுத்தி, சக்சஸ்னு பச்சையா வந்ததும் சந்தோஷமா ஆக்சஸுக்குப் போனா அங்க டேட்டா சோர்ஸே காணோம்னு சொல்லும், இல்லன்னா ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்னு சொல்லும். 32 பிட் விண்டோ இருக்கறது விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்வாவ்64-க்குள்ள இருக்குற ஓடிபிசிஏடி32, 64 பிட் விண்டோ இருக்கறது சிஸ்டம்32-க்குள்ள அதே பேர்ல. ஆமா, 64-னு எழுதின ஃபோல்டர்ல 32, 32-னு எழுதின ஃபோல்டர்ல 64, பேர் வெச்சவரை நானும் நிறைய தடவை திட்டியாச்சு. டிரைவர் இன்ஸ்டால் பண்றப்ப 64 பிட் விண்டோஸ்ல 64 பிட் இன்ஸ்டாலரையே ஓட்டுங்க, அதுக்குள்ளயே 32-ம் சேர்ந்து இறங்கிடும்.

கனெக்ட் ஆகாத பிசிகள்ல பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஏதாவது இருக்கான்னு பாருங்க. நான் இருக்கும்னு தான் நினைக்கிறேன், பில்லு போடற டேபிள்ல இருக்குற மெஷினை யாரும் மாத்தவே மாட்டாங்க. என்கிரிப்ஷனுக்கு ரெண்டு பக்கமும் பேசிக்கற முறைக்குப் பேர் டிஎல்எஸ், எக்ஸ்பி-க்குத் தெரிஞ்சது அதுல 1.0 வரைக்கும் தான். நாம என்கிரிப்ஷன் வேண்டாம்னு விட்டாலும் லாகின் பாக்கெட் மட்டும் என்கிரிப்ட் ஆகித்தான் போகும், இது நிறைய பேருக்குத் தெரியாது. புது சர்வரோட விண்டோஸ்ல பாதுகாப்புக்காக 1.0, 1.1 ரெண்டையும் ஆஃப் பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழியே இல்ல, எஸ்எஸ்எல் செக்யூரிட்டி எரர்னு ஒரு வரியோட முடிஞ்சுரும், பாஸ்வேர்டைத் தப்பா போட்டோமோன்னு ஒருநாள் முழுக்க தேடுவீங்க. டிரைவர் 17 எக்ஸ்பி-ல இறங்கவும் இறங்காது. சர்வர்ல பழைய டிஎல்எஸ்-ஐ திரும்ப ஆன் பண்ணுங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, வேலை செய்யும், ஆனா ஒரு பழைய பிசிக்காக மொத்த சர்வரோட பூட்டையும் கழட்டறது நியாயமில்ல. அந்த பிசியை மாத்துங்க. புது விண்டோஸ்ல ஆக்சஸ் 2003 மக்கர் பண்ணினா 32 பிட் ஆக்சஸ் ரன்டைம் புது வெர்ஷன் ஃப்ரீயா கிடைக்குது, உங்க எம்டிபி அதுல அப்படியே திறக்கும், டிசைன் மாத்தறதுக்கு மட்டும் ஒரு முழு ஆக்சஸ் வாங்கி உங்க மெஷின்ல வெச்சுக்கோங்க.

எக்ஸ்பி இல்லாமலும் கனெக்ட் ஆகலைன்னா வழக்கமான காரணங்க தான். 2022 எக்ஸ்பிரஸ் போட்டிருந்தா டிசிபி ஐபி டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல ஆன் பண்ணி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும். எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ்னு இன்ஸ்டன்ஸ் பேர் இருந்தா அது வழக்கமான போர்ட் 1433-ல உக்காராது, தானா ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக்கும், அதைக் கேட்டுச் சொல்றது எஸ்கியூஎல் ப்ரவுசர் சர்வீஸ், யூடிபி 1434. ஃபயர்வால் இந்த ரெண்டுல ஒண்ணை மறிச்சாலும் முடிஞ்சுது கதை. நான் பண்றது ப்ரவுசரை நம்பாம போர்ட்டை ஃபிக்ஸ் பண்ணிட்டு, சர்வர் பேர் போடற இடத்துல பேர், கமா, போர்ட் நம்பர்னு கொடுத்துருவேன். கமா தான், கோலன் இல்ல, அதுல ஒருநாள் நான் அரைமணி நேரம் விட்டிருக்கேன். லாகின் ஃபெயில்டுன்னு 18456 வந்தா சந்தோஷப்படுங்க, சர்வர் வரைக்கும் போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு அர்த்தம். அங்க ரெண்டு பார்க்கணும், புது சர்வர்ல மிக்ஸ்டு மோட் (சர்வரோட சொந்த பேர், பாஸ்வேர்டையும் ஏத்துக்கற அமைப்பு) ஆன் பண்ணாம விண்டோஸ் லாகின் மட்டும் விட்டிருக்கலாம், இல்லன்னா புது சர்வர்ல அந்த லாகினே இல்லாம இருக்கும். இன்னொண்ணு, லாகின் சரியா இருந்தும் டேட்டாபேஸைத் திறக்க மட்டும் முடியலைன்னா, ரீஸ்டோர் பண்ணினப்ப டேட்டாபேஸுக்குள்ள இருந்த யூசர் புது சர்வர்ல அதே பேர்ல இருக்குற லாகினோட ஒட்டாம அனாதையா நிக்கறான்னு அர்த்தம். பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்குற ஐடி வேற, ஆல்டர் யூசர் போட்டு லாகினோட திரும்ப இணைச்சா சரியாகும்.

இதுவரைக்கும் சொன்னது கால்வாசி வேலை தான் தம்பி. கனெக்ட் ஆனதுக்கு அப்புறம் வர்ற தலைவலிக்குத் தான் ஆளுங்க ஆக்சஸ் செத்துப்போச்சுன்னு கொட்டேஷன் போடறாங்க.

டெலிட்டட்னு ஏன் வருதுன்னு புரியணும்னா ஆக்சஸ் எப்படி படிக்குதுன்னு தெரியணும். லிங்க் டேபிளைத் திறந்தா அது மொத்த வரியையும் இழுக்காது, முதல்ல ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) லிஸ்ட்டை மட்டும் வாங்கி வெச்சுக்கும், அப்புறம் அந்தக் கீயைக் கொடுத்து பத்துப் பத்து வரியா டேட்டாவைக் கேட்கும். முதல் தடவை சர்வர் கொடுத்த கீயும் ஆக்சஸ் திருப்பி அனுப்பற கீயும் ஒரு துளி மாறினாலும் சர்வர் அப்படி ஒரு வரியே இல்லையேன்னு சொல்லும், ஆக்சஸ் அடடா இப்பத் தானே இருந்துச்சு, யாரோ அழிச்சுட்டாங்கன்னு முடிவு பண்ணி கட்டம் பூரா டெலிட்டட் போட்டுரும். சர்வர்ல போய்ப் பார்த்தா டேட்டா பத்திரமா இருக்கும், பயப்படாதீங்க.

கீ எதனால மாறும்? பெரும்பாலும் பிக்இன்ட், அதாவது ரொம்பப் பெரிய முழு எண் வைக்கற வகை. புதுசா டேபிள் போட்டவங்க யாராவது ப்ரைமரி கீயை பிக்இன்ட்னு வெச்சிருப்பாங்க, ஆக்சஸ் 2003-க்கு அந்த வகையே தெரியாது, ஆக்சஸ் 2016-க்கு அப்புறம் தான் அதுக்கு ஒரு ஆப்ஷனே வந்துச்சு. உங்க ஸ்டாக் டேபிள்ல 200 கோடி வரி வரப்போறது இல்ல, சாதாரண முழு எண் வகையான இன்ட்டா மாத்திருங்க. கீல டேட்டைம்2 இருந்தாலும் இதே கதை தான், தேதியை ப்ரைமரி கீல வைக்கவே கூடாதுங்கறது என் கட்சி.

ரைட் கான்ஃப்ளிக்ட் இன்னும் சுவாரஸ்யம். நீங்க ஒரு வரியைத் திருத்தி சேவ் பண்றப்ப ஆக்சஸ் அனுப்பற அப்டேட்ல, நான் படிச்சப்ப ஒவ்வொரு காலமும் (டேபிளோட நெடுவரிசை) இப்படி இப்படி இருந்துச்சு, இன்னும் அப்படியே இருந்தா மட்டும் மாத்துன்னு எல்லா பழைய மதிப்பும் போகும். ஒண்ணு பொருந்தலைன்னாலும் பூஜ்யம் வரி மாறிச்சுன்னு பதில் வரும், ஆக்சஸ் அதை வேற யாரோ மாத்திட்டாங்கன்னு மொழிபெயர்த்துக் காட்டும். ஆபீஸ்ல நீங்க ஒரே ஆள் உக்காந்திருந்தாலும் காட்டும். முதல் குற்றவாளி பிட் காலம், அதாவது யெஸ் நோ வைக்கற காலம். ஆக்சஸ்ல யெஸ் நோ-வுக்கு நல்-னு (மதிப்பே இல்லாத காலி) ஒண்ணு கிடையாது, சர்வர்ல நல்-லா இருக்கறதை இது நோ-ன்னு படிச்சுட்டு, சேவ் பண்றப்ப நோ-வா இருந்தா மாத்துன்னு கேட்கும், அங்க நல் இருக்கு, பொருந்தாது. பிட் காலம் எல்லாத்துலயும் நல்-லை 0 ஆக்கி, டீஃபால்ட் 0 கொடுத்து, நல் கூடாதுன்னு பூட்டிருங்க.

ரெண்டாவது குற்றவாளி தேதி, இங்க தான் நிறைய அனுபவசாலிங்களே வழுக்கி விழறாங்க. 2008 ஆர்2-ல இருந்து ரீஸ்டோர் பண்ணின டேட்டாபேஸ் 2022-ல வந்தாலும் அதோட கம்பேட்டிபிலிட்டி லெவல் (எந்த வெர்ஷன் மாதிரி நடந்துக்கணும்ங்கற செட்டிங்) 100-லயே தான் நிக்கும். யாராவது புது சர்வர் தானேன்னு அதை 160-க்கு ஏத்தியிருந்தா, 130-ல இருந்து ஒரு மாற்றம் இருக்கு: டேட்டைமை டேட்டைம்2-ஆ மாத்தறப்ப மில்லி செகண்டுக்குக் கீழ இருக்குற பின்னத்தையும் கணக்குல எடுத்துக்கும். டேட்டைம் ஒரு செகண்டை 300 பங்காத் தான் பிரிச்சு வைக்கும், அதனால கெட்டேட் (இப்போதைய நேரத்தைத் தர்ற ஃபங்ஷன்) டீஃபால்ட்ல விழுந்த நேரம் 3.33 மில்லி செகண்ட் மாதிரி முடிவில்லாத பின்னம். புது டிரைவர் அந்த மதிப்பை டேட்டைம்2-ன்னு திருப்பி அனுப்பும், முன்னாடி சமமா வந்தது இப்ப சமமில்ல. கையால தேதி டைப் பண்ணின வரியெல்லாம் சேவ் ஆகும், சர்வர் தானா நேரம் போட்ட வரி மட்டும் கான்ஃப்ளிக்ட் ஆகும். உங்களுக்கும் அப்படித் தானான்னு பாருங்க. அப்படின்னா காரணம் பெரும்பாலும் இதுவே தான்.

இதுக்கெல்லாம் ஒரே மருந்து ரோவெர்ஷன் காலம், பழைய பேர் டைம்ஸ்டாம்ப், ஆனா நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, வரி மாறுறப்பல்லாம் சர்வர் தானா மாத்தற ஒரு 8 பைட் நம்பர். டேபிள்ல அது ஒண்ணு இருந்தா ஆக்சஸ் மத்த எல்லா காலத்தையும் ஒப்பிடறதை விட்டுட்டு கீயும் ரோவெர்ஷனும் மட்டும் பார்க்கும். எல்லா டேபிளுக்கும் ஒண்ணு சேருங்க, ஃபார்ம்ல காட்டவேண்டாம், சேர்த்துட்டு கட்டாயம் ரீலிங்க் பண்ணுங்க, ஏன்னா ஆக்சஸ் லிங்க் பண்ணின அன்னிக்கு பார்த்த டேபிள் அமைப்பையே மனசுல வெச்சிருக்கும்.

இன்னொரு கேஸ் சொல்றேன், இது எனக்கே நடந்தது. ஒரு இடத்துல புது பில் போட்டு சேவ் பண்ணினா திரையில சம்பந்தமே இல்லாத பழைய பில் வந்து நிக்கும், சில நேரம் டெலிட்டட்னு வரும். ரெண்டு நாள் ஃபார்மை நோண்டினேன், ஒண்ணும் கிடைக்கல. கடைசில பார்த்தா, யார் எப்ப என்ன போட்டாங்கன்னு பதிய சர்வர்ல யாரோ ஆடிட் ட்ரிகர் (டேபிள்ல வரி மாறினா தானா ஓடற கோட்) எழுதியிருந்தாங்க. ஆக்சஸ் புது வரி போட்டதும் அதுக்கு என்ன நம்பர் வந்துச்சுன்னு அட் அட் ஐடென்டிட்டின்னு கேட்கும், அது அந்த கனெக்‌ஷன்ல கடைசியா உருவான நம்பரைத் தரும். ட்ரிகர் ஆடிட் டேபிள்ல ஒரு வரி போட்டதால அந்த டேபிளோட நம்பர் வந்து நின்னுச்சு! ஆடிட் டேபிள்ல ஐடென்டிட்டி (தானா நம்பர் போடற) காலத்தைத் தூக்கிட்டு கீயை ஜியூஐடி-ஆ (வரிசை நம்பர் இல்லாத நீளமான தனி அடையாளம்) மாத்தினதும் நின்னுச்சு. ட்ரிகரோட முதல் வரில செட் நோகவுன்ட் ஆன் (எத்தனை வரி மாறிச்சுன்னு சொல்லாதேங்கற கட்டளை) இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

இப்ப ரீலிங்க். டிஎஸ்என்-ஐ ஒவ்வொரு பிசியா போய்ப் போடறதை விட்டுருங்க, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்லயே டிரைவர் பேர், சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் கொடுத்துட்டா டிஎஸ்என்னே வேண்டாம், பிசில டிரைவர் 17 இருந்தா போதும். விபிஏ-ல (ஆக்சஸுக்குள்ள எழுதற கோட்) டேபிள்டெஃப்ஸ்ங்கற டேபிள் பட்டியல் மேல ஒரு லூப் விட்டு பழைய லிங்க்கை அழிச்சு புதுசா உருவாக்குங்க, டிரைவர் மாறியிருக்கறதால வெறும் ரெஃப்ரெஷ்லிங்க்கை நான் நம்பமாட்டேன். கையால லிங்க் பண்ணினா பேருக்கு முன்னாடி டிபிஓ அண்டர்ஸ்கோர்னு ஒட்டிக்கும், அதை எடுக்கலைன்னா ஒரு கொய்ரியும் ஓடாது. லிங்க் பண்ணினது வியூவா (சர்வர்ல சேவ் பண்ணி வெச்ச கொய்ரி) இருந்தா எது யுனிக் காலம்னு கேட்கும், கேன்சல் கொடுத்துட்டா அது ரீட் ஒன்லி ஆயிரும். பாஸ்த்ரூ கொய்ரி (ஆக்சஸ் தொடாம அப்படியே சர்வருக்கு அனுப்பறது) ஒவ்வொண்ணுக்குள்ளயும் தனித்தனியா ஒரு கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் இருக்கு, அதையும் மாத்தணும், எல்லாரும் மறக்கறது இதைத்தான், மாச ரிப்போர்ட் எடுக்கற அன்னிக்குத் தான் தெரியவரும். கோட்-ல லிங்க் இல்லாம ஏடிஓ வழியா நேரா கனெக்ட் பண்ண, பழைய டிரைவரான எஸ்கியூஎல்ஓஎல்இடிபின்னு எழுதின இடம் இருந்தா அதுவும் அப்படியே. பாஸ்வேர்டை லிங்க்குக்குள்ள சேவ் பண்ணாதீங்க, எம்டிபி-க்குள்ள யார் வேணா படிக்கற மாதிரி கிடக்கும், முடிஞ்சா விண்டோஸ் லாகினே வெச்சுக்கோங்க.

டேபிளை மாத்தினதும் கோட்ல சில இடம் உதைக்கும். ஐடென்டிட்டி இருக்குற டேபிளை ஓபன்ரெக்கார்ட்செட்ல திறக்கறப்ப டிபிசீசேஞ்சஸ் கொடுக்கலைன்னா 3622 எரர். யெஸ்-ங்கறதை மைனஸ் 1-னு எழுதியிருந்தா சர்வர்ல அது 1, அதனால 0 இல்லைன்னு எழுதறது தான் ரெண்டு பக்கமும் பாதுகாப்பு.

மெதுவா இருக்குன்னு அடுத்து வருவீங்க, அதையும் சொல்லிடறேன். கொய்ரியோட கண்டிஷன்ல என்இசட் மாதிரி ஆக்சஸுக்கு மட்டும் தெரிஞ்ச ஃபங்ஷன், இல்ல நீங்க விபிஏ-ல எழுதின ஃபங்ஷன் இருந்தா சர்வருக்கு அது புரியாது, அதனால ஆக்சஸ் டேபிளையே இழுத்துக்கிட்டு வந்து உள்ளூர்ல வடிகட்டும். பெரிய ரிப்போர்ட்டை வியூவா இல்ல பாஸ்த்ரூவா மாத்துங்க. ஃபார்ம் திறக்கறப்பவே மொத்த டேபிளையும் காட்டாம பில் நம்பர் கேட்டு அந்த ஒண்ணை மட்டும் திறங்க. இந்த ரெண்டே மாற்றத்துல பாதி புலம்பல் நின்னுரும்.

டேட்டாவே இன்னும் எம்டிபி-க்குள்ள இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா: உங்களுக்கு 2 ஜிபி தான் எல்லை, 2022 எக்ஸ்பிரஸ் ஃப்ரீயாவே ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி தருது, மாத்தறதுக்கு மைக்ரோசாஃப்ட்டோட மைக்ரேஷன் அசிஸ்டென்ட் ஃப்ரீ. மாத்தறதுக்கு முன்னாடி தேதி காலத்தை ஏறுவரிசைல ஒருதடவை பார்த்துருங்க. ஆக்சஸ் கிபி 100-ல இருந்து தேதி ஏத்துக்கும், சர்வரோட டேட்டைம் 1753-ல இருந்து தான். யாரோ 2005-க்குப் பதிலா 205-னு அடிச்ச ஒரு வரி போதும் டேபிளே நிக்கறதுக்கு.

தம்பி, இன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் போனதும் டேட்டாபேஸை பேக்கப் எடுத்துட்டு, எம்டிபி-யையும் ஒரு காப்பி எடுத்து, ஒரே ஒரு பிசில டிரைவர் 17 போட்டு, கான்ஃப்ளிக்ட் வர்ற டேபிள் ஒண்ணுல மட்டும் ரோவெர்ஷன் சேர்த்து ரீலிங்க் பண்ணிப் பாருங்க. அப்புறமும் எரர் வந்தா இங்க போடுங்க, ஆனா ஓடிபிசி கால் ஃபெயில்டுன்னு மட்டும் போடாதீங்க, அந்த 3146 வெறும் கவர் தான், லெட்டர் உள்ள இருக்கு. டிபிஎஞ்சின்ல எரர்ஸ்னு ஒரு கலெக்‌ஷன் இருக்கும், லூப் விட்டு அதுல வர்றதை முழுசா காப்பி பண்ணுங்க. கம்பேட்டிபிலிட்டி லெவல் எத்தனைன்னும் சேர்த்துச் சொல்லுங்க.